நிரம்பாத சதுரம்

மணப்பெண்ணின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சதுரம் மட்டும் நிரம்பாமல் நின்றது.

மற்றதெல்லாம் வந்துவிட்டது. மண்டபத்து விளக்குகள், மேடையைச் சுற்றி அடைத்திருந்த வெள்ளைப் பூக்கள், முதல் வரிசையில் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டியிருந்த பெரியப்பா, அவர் மடியில் தூங்கி வழிந்த குழந்தை, எல்லாம் திரையில் பளிச்சென்று இருந்தன. தங்கையின் முகத்தில் மட்டும் கட்டைவிரல் அகலத்துக்குச் சாம்பல் நிறம். பெரியவள் மவுஸை உருட்டிப் படத்தைச் சின்னதாக்கினாள், மறுபடி பெரிதாக்கினாள். ஒரு மூச்சு விடும் நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு சதுரம் நிரம்பியது. தங்கை சிரித்தாள்.

"உனக்கும் இன்னிக்குத்தான் சோம்பல் வரணுமா" என்று மேசைக்கடியில் இரைந்துகொண்டிருந்த கம்ப்யூட்டர் பெட்டியிடம் சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போனாள்.

வீட்டில் அவள் பெரியவள், தங்கை சின்னவள். பெரியவளின் தொழில் அடுத்தவர் கல்யாணப் படங்களைத் திருத்துவது. பருவை அழிப்பாள், கண்ணுக்குக் கீழே கருவளையத்தைத் துடைப்பாள், மாப்பிள்ளையின் தொந்தியை யாருக்கும் தெரியாமல் உள்ளே தள்ளுவாள். மாடியறைதான் அவள் பட்டறை. நிறம் கண்ணை ஏமாற்றக்கூடாது என்று சுவருக்குச் சாம்பல் வண்ணம் அடித்து, ஜன்னலுக்குக் கனத்த திரை போட்டு, நடுப்பகலிலும் அந்தி மாதிரி வைத்திருந்தாள். சூடான தூசியின் வாடையும் மின்விசிறிகளின் இரைச்சலும் அந்த அறையை விட்டுப் போனதே இல்லை. அம்மா அதைக் குகை என்பாள். "குகைக்குள்ளருந்து கொஞ்சம் வெளிய வா, சாப்பாடு ஆறிப்போகுது" என்று கீழிருந்து குரல் வரும். பெரும்பாலும் சாப்பாடு ஆறித்தான் போகும்.

இந்தக் கல்யாணப் படங்களை அவளிடம் கொடுத்தது சின்னவளே. "வேற யாரும் தொடக்கூடாது. உன் கை பட்டாத்தான்க்கா எனக்கு ஆல்பம்" என்று கழுத்தைக் கட்டிக்கொண்டு சொன்னாள். பெரியவள் சிரித்துக்கொண்டே சரி என்றாள். சிரிப்பு வாயோடு நின்றது. 

ஏனென்றால் அந்த மாப்பிள்ளையை முதலில் கண்டெடுத்தது அவள்.

அவன் பல் டாக்டர். கடைவாய்ப் பல் ஒன்று பிளந்துபோய் அவனிடம் போனாள். சரியாகிவிட்ட பிறகும் பக்கத்துப் பல் கூசுகிறது, ஈறு அரிக்கிறது என்று ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு போனாள். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் சொன்ன அரைகுறை வார்த்தைகளுக்கெல்லாம் அவன் முகமூடிக்குள் சிரித்தான். சிரிக்கும்போது அவன் கண்கள் ஒரு விரற்கடை தூரத்தில் இருந்தன. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். அவள் விஷயத்தில் வாய்வரைக்கும் எட்டியதுதான் கைக்கு எட்டாமல் போனது. ஒரு மழை நாளில் அவளை அழைத்துப்போகக் குடையோடு சின்னவள் வந்தாள். வாசலில் நின்று குடையை உதறினாள், அவ்வளவுதான். அடுத்த முறை பெரியவள் போனபோது, "உங்க தங்கச்சிக்குப் பல் வலி எதுவும் இல்லையா?" என்று அவன் கேட்டான். வேடிக்கையாகத்தான் கேட்டான். அன்று அவளுக்கு இருந்த பல்லெல்லாம் வலித்தது.

அவள் இதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருந்தது? அவன் அவளுக்கு எந்த வாக்கும் தரவில்லை. தங்கை எதையும் திருடவில்லை. தப்பு யாருடையதும் இல்லாத பொறாமைக்கு மருந்தும் கிடையாது. அது உள்ளேயே கிடந்து புளித்தது.

ஆல்பத்துக்கென்று சின்னவள் ஆசையாகத் தேர்ந்தெடுத்த படம் ஒன்று இருந்தது. முன்னால் அதே பெரியப்பா, மடியில் அதே குழந்தை. மேடையில் அவள் எதையோ சொல்லிச் சிரிக்கிறாள், அவன் அவள் தோளில் கை போட்டுப் பக்கவாட்டில் திரும்பி அவளையே பார்க்கிறான். உலகத்தில் வேறெதுவும் இல்லை என்கிற பார்வை. இதைப் பெரிதாக அச்சடித்து வரவேற்பறைச் சுவரில் மாட்டப்போவதாகச் சொல்லியிருந்தாள். பெரியவள் அந்தப் படத்தைக் கடைசிக்குக் கடைசியாகத் தள்ளிக்கொண்டே வந்து, ஒரு பிற்பகலில் வேறு வழியில்லாமல் திறந்தாள்.

மாப்பிள்ளையின் கண்ணில் சிவப்பு நரம்பு ஓடியிருந்தது. அதைத் துடைக்க மிகப் பெரிதாக்கினாள். படத்தைச் சதுரம் சதுரமாக நறுக்கி ஒவ்வொன்றாகத் திரையில் ஒட்டுவது கிராபிக்ஸ் கார்டின் வேலை; நன்றாக இருக்கும் நாளில் அது கண்ணுக்கே தெரியாது. இப்போது தெரிந்தது. புருவம் வந்தது. மூக்கின் மேடு வந்தது. கண் இருக்கும் சதுரம் சாம்பலாக நின்று, யோசித்து, நிரம்பியது.

கண் அவளைப் பார்த்தது.

அவள் கையை மவுஸிலிருந்து எடுத்துவிட்டாள். பிறகு தன்னையே திட்டிக்கொண்டு படத்தைச் சின்னதாக்கினாள். முகம் பக்கவாட்டில்தான் இருந்தது. கண்மணிகள் மட்டும் ஓரத்துக்கு நகர்ந்து, கேமராவை, கேமராவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவளைப் பார்த்தன. அதே படத்தை, பார்க்க மட்டும் உதவும் சாதாரண மென்பொருளில் திறந்து பக்கத்தில் வைத்தாள். அதில் அவன் தங்கையைப் பார்த்தான். திருத்தும் மென்பொருளில் அவளைப் பார்த்தான். ஒரே படம், ஒரே நொடி. ஜன்னல் திரைக்கு அப்பால் தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்ப முயன்றுகொண்டே இருந்தார்கள். அது கிளம்பும்வரை அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவர் மறுநாள் காலை வந்தார். பல வருடப் பழக்கம். மூக்குக்கண்ணாடி எப்போதும் நெற்றியில் இருக்கும், அதைத் தேடாத நாள் கிடையாது.

"சதுரம் சதுரமா நிக்குதா? கார்டு ரொம்பச் சூடாகுது மேடம். போன வாரம் கார்டை இயக்கற டிரைவர் புரோகிராம் புதுசு போட்டிருக்கு பாருங்க, அதுக்கும் உங்க சாஃப்ட்வேருக்கும் ஒத்துப்போகல. மாமியார் மருமக கதைதான்."

பழைய டிரைவரைப் போட்டுப் பார்த்தார். மென்பொருளின் அமைப்புகளையெல்லாம் அழித்துப் புதிதாகத் தொடங்கினார். திரைக்குப் போகும் ஒயரைக்கூட மாற்றினார். எதற்கும் மசியவில்லை. கடைசியில் அமைப்புகளுக்குள் போய், 'கிராபிக்ஸ் ஆக்ஸலரேஷன்' என்ற வரிக்கு முன்னால் இருந்த டிக் குறியை எடுத்துவிட்டார். படம் மூடித் திறந்தது. மெதுவாக, ஆனால் முழுசாக வந்தது. மாப்பிள்ளை மணப்பெண்ணைப் பார்த்தான்.

"பாத்தீங்களா. இனிமே கார்டைக் கேக்காது, எல்லாத்தையும் பிராசஸரே பாத்துக்கும். கொஞ்சம் நொண்டும். ஆனா பொய் சொல்லாது." கண்ணாடியை மூக்குக்கு இறக்கிப் படத்தைக் கொஞ்ச நேரம் ரசித்தார். "தங்கச்சிங்களா? லட்சணமா இருக்காங்க. மாப்பிள்ளை பாக்கற பார்வையைப் பாருங்களேன். இப்படியே விட்டுருங்க மேடம், திரும்ப ஆன் பண்ணாதீங்க."

"சரி" என்றாள்.

அவர் மாடிப்படி இறங்கும் சத்தம் கேட்டது. அம்மா கீழே அவரிடம் காபி குடிக்கிறீர்களா என்று கேட்டாள். வாசற்கதவு சாத்தும்வரை பெரியவள் காத்திருந்தாள். அந்தப் பார்வை. லட்சணம். இன்னும் எத்தனை பேர் இதையே சொல்லக் கேட்க வேண்டும்? சுவரில் மாட்டிய பிறகு வருகிறவன் போகிறவனெல்லாம் சொல்வான். அவளும் காபிக் கோப்பையோடு அதன் கீழே உட்கார்ந்து ஆமாம் ஆமாம் என்று தலையாட்ட வேண்டும்.

அமைப்புகளைத் திறந்தாள். குறியைப் போட்டாள்.

சாம்பல் சதுரம். ஒரு மூச்சு. கண்கள் அவளிடம் வந்தன.

அதன் பிறகு அவள் வேலை செய்தாள் என்று சொல்ல முடியாது. உட்கார்ந்திருந்தாள். பெரிதாக்குவாள், சின்னதாக்குவாள், ஒவ்வொரு முறை சதுரங்கள் விழுந்து நிரம்பும்போதும் அவன் இம்மியளவு திரும்பியிருந்தான். முதலில் கண்கள் மட்டும். பிறகு தாடை. பிறகு தோள். ஒரு மாலையில் முகம் முழுக்க அவள் பக்கம் திரும்பியிருந்தது; முகமூடி இல்லாமல் அந்தச் சிரிப்பை அவள் அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. அவள் தலையை வாரிக்கொண்டு மாடிக்குப் போக ஆரம்பித்தாள். அம்மா கேட்டாள், "எங்கடி கிளம்பற?" "எங்கயும் இல்ல" என்றாள்.

தங்கையின் முகத்துச் சதுரம் நிரம்ப அதிக நேரம் எடுத்தது. அதை அவள் கவனித்தாள். கவனித்தும் காத்திருக்கவில்லை, அடுத்த படத்துக்குப் போய்விடுவாள்.

சின்னவள் தொலைபேசியில் அழைத்தது அந்த வாரத்தில்தான்.

"ஆல்பம் எப்பக்கா தருவ?"

"கார்டு கோளாறு. சதுரம் சதுரமா நிக்குது. பாத்துக்கிட்டிருக்கேன்."

"எனக்கும் ஒரே கோளாறுதான். இந்தப் போன் என் முகத்தைக் கண்டுபிடிக்கவே மாட்டேங்குதுக்கா. காட்டறேன், காட்டறேன், திறக்கவே மாட்டேங்குது. நம்பர் போட்டுத்தான் திறக்கறேன். ஆபீஸ் வாசல் மெஷினும் அப்படித்தான். வாட்ச்மேன் என்னை நிறுத்தி யாருன்னு கேக்கறார்க்கா, தினமும் குட்மார்னிங் சொல்றவர்."

பெரியவள் தொலைபேசியை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள். "கண்ணுக்கு மை ஜாஸ்தியா போட்டிருப்ப" என்றாள்.

தங்கை சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு சொன்னாள். "அக்கா, அவர் என்னைப் பாக்கறதே இல்ல. சண்டை எல்லாம் இல்ல, நல்லாத்தான் பேசறார். ஆனா பேசும்போது எங்கயோ பாக்கறார். சுவத்தை, ஜன்னலை. அங்க யாரோ உக்காந்திருக்கற மாதிரி. சிரிக்கவும் சிரிக்கறார்."

அந்த நேரம் பெரியவளுக்குள் பயம்தான் வந்திருக்க வேண்டும். வந்தது வேறு. நாக்கின் அடியில் சர்க்கரை கரைவது மாதிரி ஓர் இனிப்பு. அது இன்னதென்று தெரிந்து அவளே வெட்கப்பட்டாள். வெட்கம் ஒரு நிமிடம், இனிப்பு அதற்கு மேல். "புதுசுல எல்லாரும் அப்படித்தான்டி" என்று ஏதோ சொல்லிப் போனை வைத்தாள். வைத்த கையோடு மாடிக்குப் போனாள். தெரிந்தேதான் போனாள்.

மறுநாள் மாலை தங்கையே வீடியோவில் அழைத்தாள். மழை பெய்து ஓய்ந்து, ஜன்னல் திரையிலிருந்து ஈரத் துணி வாடை வந்துகொண்டிருந்தது. போனில் தங்கை வீட்டு வரவேற்பறை தெரிந்தது: சோபா, விளக்கு, இன்னும் எதுவும் மாட்டாத சுவர். தங்கையின் பச்சை உடை தெரிந்தது. கழுத்து தெரிந்தது. அதற்கு மேல் ஒரு சாம்பல் சதுரம்.

"அக்கா, தெரியறேனா?"

"சிக்னல் சரியில்ல."

"எனக்கு நீ நல்லாத் தெரியறியே."

சதுரம் பேசியது. பேசும்போது ஓரங்கள் நடுங்கின. தங்கைக்குப் பின்னால், வாசற்படி அருகே அவன் நின்றுகொண்டிருந்தான். சிக்னல் சரியில்லாத படத்தில் அவன் மட்டும் மயிரிழைகூடக் கலங்காமல் தெளிவாக இருந்தான். போனின் கேமராவைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். கண்ணிமைக்கவில்லை.

"அவரை வரச் சொல்லட்டுமா?" என்றாள் தங்கை.

"வேண்டாம்."

"யாருகிட்ட பேசறேன்னு கேக்கவே மாட்டேங்கறார் பாரு." குரல் கரகரத்தது. "அக்கா, காலைல கண்ணாடி பாத்து முகம் கழுவினேன். சோப்பு போட்டேன். தேச்சேன். கைக்கு ஒண்ணும் தட்டுப்படலக்கா."

பெரியவள் அழைப்பைத் துண்டித்தாள்.  இப்போதே, இந்த நிமிடமே அந்தக் குறியை எடுத்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஆனால் எடுத்தால் அவன் திரும்பிக்கொள்வான். அவளுக்குத் தெரிவது மறுபடி அந்தக் கன்னம், அந்தக் காது. கடைசியாக ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு எடுக்கலாம்.

படத்தைத் திறந்தாள்.

சதுரங்கள் விழுந்தன. மேலிருந்து கீழாக, ஒவ்வொன்றாக, மின்விசிறி மூச்சு வாங்க. பூக்கள். விளக்குகள். அவன். அவன் முகம் நேராக, நெருக்கமாக. ஆனால் சிரிப்பு இல்லை. தங்கையின் தோளில் இருந்த கை அங்கே இல்லை, தன் உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. தங்கையின் சதுரம் சாம்பலாக நின்றது. அவள் காத்திருந்தாள். இந்த முறை உண்மையாகவே காத்திருந்தாள். நிரம்பவில்லை. முதல் வரிசை வந்தது. செருப்பு. பெரியப்பாவின் நீட்டிய கால். அவர் மடி. மடியில் தூங்கிய குழந்தை.

குழந்தை விழித்திருந்தது. அவளைப் பார்த்தது.

அதன் பிறகு அவள் தயங்கவில்லை. அமைப்புகளைத் திறந்து குறியை எடுத்தாள். மூடித் திறந்தாள். சாம்பல் சதுரம் இருந்தது. குழந்தை பார்த்தது. கம்ப்யூட்டரையே அணைத்துப் போட்டாள். இருந்தது. அந்தச் சாதாரண மென்பொருளில் திறந்தாள், எப்போதும் உண்மை சொன்ன அதில். அதிலும் இருந்தது. எல்லாப் படங்களையும் வரிசையாகத் திறந்தாள். கை கழுவுகிற படம், சாப்பிடுகிற படம், கார் கதவருகே நிற்கிற படம். எல்லாவற்றிலும் சின்னவளின் உடை இருந்தது, கை இருந்தது, கழுத்து இருந்தது.

பழுது பார்க்கிறவர் மறுநாள் மதியம்தான் வந்தார். ராத்திரி முழுக்க அவள் அம்மாவின் கட்டில் பக்கத்தில் தரையில் படுத்திருந்தாள். தங்கைக்குப் போன் செய்து பார்த்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"கார்டைக் கழட்டுங்க" என்றாள்.

"ஆக்ஸலரேஷன் ஆஃப்லதானே இருக்கு மேடம்?"

"கழட்டிருங்க. வேண்டாம் எனக்கு."

அவர் பெட்டியைத் திறந்து கார்டை உருவி மேசை மேல் வைத்தார். விசிறிகளில் தூசி உருண்டையாக அடைந்திருந்தது. மின்சாரம் போய்க் கொஞ்ச நேரமாகியும் அதிலிருந்து சூடு எழும்பியது. அவர் விரலை உதறிக்கொண்டார். "கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையா இருக்கே" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு திரை ஒயரை வேறிடத்தில் செருகி, கம்ப்யூட்டரை எழுப்பி, சுவருக்கு மாட்டப்போகும் அந்தப் படத்தைத் திறந்தார். கண்ணாடியை இறக்கினார். குனிந்து பார்த்தார்.

"நல்லாத்தானே வருது."

"அந்தச் சதுரம் தெரியலையா?"

"எந்தச் சதுரம்?" அவர் இன்னும் குனிந்தார். "மாப்பிள்ளை ஏன் மேடம் தனியா நிக்கறார்? பொண்ணு வர்றதுக்கு முன்னாடி எடுத்ததா?"

 "அன்னிக்கு நீங்க பாத்தீங்களே" என்றாள். "லட்சணமா இருக்காங்கன்னு சொன்னீங்களே. என் தங்கச்சி."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார், பிறகு படத்தை, பிறகு மறுபடி அவளை. "உங்களுக்குத் தங்கச்சி இருக்காங்களா மேடம்?" என்று கேட்டார். கேலி இல்லை. அவருக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது, அவ்வளவுதான். கருவிகளைப் பைக்குள் அள்ளிப் போட்டுக்கொண்டு, கூலிகூடக் கேட்காமல் இறங்கிப் போனார்.

பெரியவள் தனியாக உட்கார்ந்திருந்தாள். மேசையில் கார்டு மெல்ல ஆறிக்கொண்டிருந்தது, உலோகம் சுருங்கும் சின்னச் சின்ன டிக் சத்தங்களோடு. வெளியே பட்டப்பகல். திரைத்துணியின் ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோடு. அந்தக் கோட்டைப் பிடித்து இழுத்துத் திரையைத் திறந்துவிட்டால் போதும் என்று தோன்றியது. எழுந்திருக்க முடியவில்லை.

கீழே அழைப்பு மணி அடித்தது.

அம்மாவின் செருப்புச் சத்தம். தாழ்ப்பாள். பிறகு அம்மாவின் குரல், அந்நியர்களிடம் மட்டும் வரும் அந்த மரியாதைக் குரல்.

"யாரு வேணும் உங்களுக்கு?"

யாரோ பேசினார்கள். மெதுவாக. அழுகை மாதிரி.

"அம்மாவா? நீங்க வீடு மாறி வந்துட்டீங்க போலிருக்கே. எனக்கு ஒரே பொண்ணுதாங்க. மாடில இருக்கா."

மறுபடி அந்த மெல்லிய குரல்.

"அவளைத் தெரியுமா? அப்ப மேல போய்ப் பாருங்க. படியில பாத்துப் போங்க, இருட்டா இருக்கும்." பிறகு வாய் நிறையச் சத்தமாக, எப்போதும் கூப்பிடுகிற மாதிரியே: "பெரியவளே, உன்னைத் தேடி யாரோ வந்திருக்காங்க."

படியில் காலடி. ஒன்று. ஒன்று. பாதியில் பலகை முனகும் அந்தப் படியைத் தாண்டி மிதித்தது. வெளியாளுக்கு அந்தப் படி தெரியாது. கதவு திறந்தது. கூடவே மழையில் நனைந்த துணியின் வாடை. வெளியே மழை இல்லை.

பெரியவள் திரும்பவில்லை. கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தாள். வேறெங்கும் பார்க்கப் பயமாக இருந்தது. திரையில் அவன் இத்தனை நாள் பார்த்தது போல அவள் கண்ணுக்குள் பார்த்தான்.

பிறகு அவன் கண்கள் நகர்ந்தன.

கார்டு இல்லை. சதுரம் விழவில்லை. அவள் எதையும் தொடவில்லை. கண்கள் நகர்ந்தன. அவள் முகத்திலிருந்து கழுத்துக்கு. தோளுக்கு. தோளுக்கு மேலே. அவளுக்குப் பின்னால். பெரியப்பா பார்த்தார். குழந்தை பார்த்தது. நாற்காலி வரிசைகளில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும், பாதி உடம்பு மட்டும் படத்துக்குள் வந்திருந்த விளக்குக்காரர்கூட, அவள் தோளுக்கு மேலே பார்த்தார்கள். ஒருவர் முகத்திலும் கல்யாணக் களை இல்லை. மாப்பிள்ளையின் வாய் மெல்லத் திறந்தது.

நாற்காலியின் முதுகில் ஒரு கை அழுந்தியது.

"அக்கா" என்றாள் சின்னவள். அதே குரல். கழுத்தைக் கட்டிக்கொண்டு ஆல்பம் கேட்ட அதே கொஞ்சல். "எல்லாரும் யாரு யாருன்னு கேக்கறாங்க. நீ பாத்தா உனக்குத் தெரியும்லக்கா. இந்தப் பக்கம் திரும்பு."

அம்மா கீழே குழாயைத் திறந்தாள். பாத்திரத்தில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"நீயாவது என்னைப் பாரு."

பெரியவள் திரும்பினாள்.

பச்சை உடை. ஈரமான கழுத்து. கழுத்துக்கு மேலே கூந்தல் காதோரம் ஒதுக்கியிருந்தது, நடுவில் சாம்பல் நிறம், ஆழமில்லாமல், தட்டையாக. அது அவளை நோக்கிக் குனிந்தது. ஓரத்தில் ஒரு சின்னச் சதுரம் நிரம்பியது: பெரியப்பாவின் நரைத்த புருவம். நின்று பார்த்தது. அழிந்தது. வேறொரு மூலையில் குழந்தையின் கன்னம் வந்தது. அழிந்தது. யாரோ ஒருத்தியின் உதடு, யாருடையதோ மூக்கு, ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல், ஒட்டிப் பார்த்து, எடுத்து, அடுத்ததை ஒட்டிப் பார்த்து. பிறகு நடுவில் ஒரு சதுரம் மற்றதைவிட நீண்ட நேரம் நின்றது. அதில் இருந்தது பெரியவளின் கண். அது அவளைப் பார்த்தது, பக்கத்துச் சதுரமும் நிரம்ப ஆரம்பித்தது.